இறக்கத்தில் கால் எங்கே இருக்க வேண்டும்

ஜார்ஜியாவிலிருந்து திரும்பி வந்த பிறகு, அங்கே வாடகைக் கார் எடுத்து மலைக்குப் போக நினைக்கிறவர்கள் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். இன்சூரன்ஸ் முழுதாக எடுக்க வேண்டுமா, டயரை எப்படிப் பார்ப்பது, பெட்ரோல் எங்கே போடுவது என்றெல்லாம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையிலும் சொல்வேன். ஆனால் நான் அங்கே சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எதற்காகப் போனேன் என்பதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் பதினாறு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு சின்னக் கார், முன்னாலும் பின்னாலும் எல் போர்டு, என் காலடியில் ஒரு தனி பிரேக். காலை ஆறு மணிக்கு ஹெலிபேட் மைதானத்தில் தொடங்குவோம். பிறகு ஏர்போர்ட் ரோடு, கடைசி வாரம் சாரம் வழியாக நெரிசலுக்குள் ஒரு சுற்று. இதுதான் என் பாடத்திட்டம்.

ஹேமா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் என்னிடம் வந்தாள். வைத்திக்குப்பத்துப் பெண். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா சகுந்தலா படகிலிருந்து மீனை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்கு அனுப்பும் வியாபாரம் செய்பவர். ஹேமா சொன்னதைச் சொன்னபடி செய்வாள். எல்லாப் பெண்களுக்கும் நான் சொல்லும் ஒரு வாக்கியத்தை அவளுக்கும் சொன்னேன்: "சந்தேகம் வந்தா கால் பிரேக்குல இருக்கணும்." தினமும் சொல்வேன். அவளும் தினமும் தலையாட்டுவாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனாள். நான்காம் வருடத் தேர்வு முடிந்ததும் மூன்று தோழிகளோடு ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது, குதாவுரி என்ற ஊருக்குக் கீழே, வளைவு வளைவாக இறங்கும் சாலையில் கார் நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. தோழிகள் மூவரும் எலும்பு முறிவோடு பிழைத்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்த ஹேமா பிழைக்கவில்லை.

உடலைக் கொண்டுவரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. உடல் வந்த அன்று அவர்கள் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அந்தத் தோழிகளில் ஒருத்தி கையில் கட்டோடு வந்து சகுந்தலாக்காவிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "மெதுவாத்தான் ஆன்ட்டி வந்தா. மேலேர்ந்து பிரேக்ல கால வெச்சிக்கிட்டேதான் வந்தா. திடீர்னு பிரேக் புடிக்கல."

அக்கா மார்பில் அடித்துக்கொண்டார். "ஓட்ட வண்டியக் குடுத்து எம் பொண்ணக் கொன்னுட்டானே அந்தக் காருக்காரன்! அவன் குடும்பம் வெளங்குமா!"

நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தோழி சொன்ன வார்த்தையில் இருந்த விஷயம் எனக்கு அப்போதே புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தார்.

"எனக்கு அந்த எடத்தப் பாக்கணும் விஜயா. நீதான் கூட்டிக்கிட்டு போவணும்."

"அங்கயே டிரைவரோட வண்டி கெடைக்கும்க்கா. நான் எதுக்கு?"

"எவனோ ஓட்டுற வண்டியில பின்னாடி ஒக்காந்துக்கிட்டு நான் போவமாட்டேன். அவளுக்கு சொல்லிக் குடுத்த கையி ஓட்டணும்."

செப்டம்பரில் கிளம்பினோம்.

அந்த நாட்டின் தலைநகர் திபிலீசியில் நாங்கள் இறங்கியபோது விடிந்து வெகு நேரமாகியிருந்தது. வாடகைக்குக் கார் கொடுத்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர். ஹேமா எடுத்த கம்பெனி வேறு. இவருடையது இரண்டே பேர் நடத்தும் சின்னக் கடை. அவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. என் பாஸ்போர்ட்டில் புதுச்சேரி என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, "பொந்திஷேரி?" என்று கேட்டு, மளமளவென்று பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிட்டார். பழைய காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராம். பள்ளியில் பத்து வருடம் படித்த பிரெஞ்சு எனக்கு முதல் முறையாக உதவியது அங்கேதான்.

வண்டி எடுக்கும்போது செய்ய வேண்டியவை. காரை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், சக்கரங்களையும் சேர்த்து. உபரி டயர் இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கண்ணாடிக்கும் டயருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுங்கள். மலைச் சாலையில் எதிர் வண்டி தெறிக்கவிடும் கல்தான் முதலில் அடிக்கும். எந்தெந்தச் சாலைக்கு அந்த வண்டி போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அதை நிதானமாகப் படியுங்கள். நான் எல்லாவற்றையும் செய்தேன். பிரேக்கை ஐந்து முறை அழுத்திப் பார்த்தேன். அக்கா என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மலைக்கா போகிறீர்கள் என்று பெரியவர் கேட்டார். ஆமாம் என்றேன். உடனே என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, அந்த ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர் கோலை இடப்பக்கம் தள்ளி, இரண்டு, ஒன்று என்று எண்கள் மாறுவதைக் காட்டினார். பிறகு என் வலது காலைச் சுட்டிக்காட்டி விரலை ஆட்டினார்.

"ஃப்ரேன் மோத்தேர், மதாம். காலால் அல்ல. இன்ஜினால் பிடியுங்கள். இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது வெந்துபோகும். எல்லாரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை."

"என்னா சொல்றாரு?" என்றார் அக்கா.

"கியர் பத்தி சொல்றாருக்கா. பத்திரமா போவச் சொல்றாரு."

பொய் இல்லை. ஆனால் காலைப் பற்றி அவர் சொன்னதை நான் சொல்லவில்லை.

அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பதினாறு வருடம் மற்றவர்கள் கையைத் திருத்திய நான், முதல் ஒரு மணி நேரத்தில் திரும்பும்போது இண்டிகேட்டருக்குப் பதிலாக நான்கு முறை வைப்பரைப் போட்டேன். ஒரு ரவுண்டானாவில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் நுழைந்தும்விட்டேன்.

"எதுத்தாப்ல வர்றான் பாரு விஜயா!" என்று அக்கா கத்தினார்.

எதிரே வந்தவர் வண்டியை நிறுத்தி, நான் பின்னால் எடுத்துத் திரும்பும்வரை காத்திருந்தார். ஒரு ஹாரன் இல்லை. நம் ஊர் நேரு வீதியாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். ஆகவே, போனதும் மலைக்குக் கிளம்பாதீர்கள். ஒரு முழு நாள் ஊரின் ஓரத்தில் ஓட்டிக் கையையும் கண்ணையும் பழக்குங்கள். நாங்கள் அன்று அதைத்தான் செய்தோம்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு மலைக்குக் கிளம்பினோம். பெட்ரோலை அடிவாரத்திலேயே முழுதாக நிரப்பிக்கொண்டேன். மதியத்துக்குள் ஏறிவிடுவது நல்லது. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குதான் சாலை. பகலிலும் ஹெட்லைட் போட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் ஒரு பச்சை நிற ஏரி, அதன் கரையில் பழைய கோட்டை. எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். அக்கா கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. சாலையோரம் அங்கங்கே கறுப்புக் கல்லில் மனிதர்களின் முகம் செதுக்கி வைத்திருந்தார்கள். சில கற்களுக்கு முன்னால் சின்ன மேசையும் பெஞ்சும் இருந்தன.

"யாரு இவங்கல்லாம்?"

"ரோட்டுல செத்தவங்கக்கா. குடும்பத்துக்காரங்க வந்து ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போவாங்களாம்."

அதன் பிறகு ஒவ்வொரு கல்லையும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மதியம் ஆற்றோரம் ஒரு கடையில் நிறுத்தினேன். நாட்டுக்குப் புகழ் சேர்த்த பண்டம் கறி வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. உள்ளே சாறு இருக்கும், கடித்து உறிஞ்ச வேண்டும். அக்காவுக்கு அது இறங்கவில்லை. பீன்ஸ் மசித்து உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டியில் பாதி சாப்பிட்டார். பக்கத்து மேசைக்கு ஆற்று மீன் போனதும் எழுந்து சமையற்கட்டு வாசலுக்கே போய்விட்டார். சமைக்கிற அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு பச்சை மீனைக் கையில் கொடுத்தார். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார்.

"நல்ல மீனுதான். காலையில புடிச்சது. ஆனா உப்புத் தண்ணியில வளரல, ருசி கம்மியாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பயணத்தில் அவர் குரல் இயல்பாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அதற்கு மேல் ஏற்றம். ரஷ்ய எல்லைக்குப் போகும் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. உள்ளூர்க்காரர்கள் வளைவிலும் முந்துவார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் முந்தாதீர்கள், அவர்களுக்கு அந்த வளைவு மனப்பாடம். மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும், பாலத்தின்மேல்கூட. நம் ஊர் மாடாவது ஹாரனுக்குக் காதை ஆட்டும். அவை அதுவும் செய்யாது. நின்று, அவை எழுந்த பிறகு போக வேண்டியதுதான்.

வளைவுகள் தொடங்கிய இடத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஹேமா விழுந்த இடம் அந்த வளைவுகளில் ஒன்று. தோழிகள் அனுப்பிய, அந்த இடத்தின் போட்டோ அக்காவின் கைப்பையில் இருந்தது. அவர் அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளையாகக் கிடந்த கண்ணாடிக்கு வெளியே கூர்ந்து பார்த்தார். எதுவும் தெரியவில்லை. எந்த வளைவு என்று தெரியாமலே அதைக் கடந்து மேலே போய்விட்டோம்.

குதாவுரியில் லாலி என்ற அம்மாளின் வீட்டில் அறை எடுத்திருந்தோம். கணவர் இல்லை, தனியாக இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவர். அக்காவின் வயதுதான் இருக்கும். மூன்றாம் நாள் காலை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தக்காளியும் வைத்த மேசையில் அக்கா அந்தப் போட்டோவை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார். போட்டோவில் வளைவு, உடைந்த தடுப்பு, கீழே ஆறு. லாலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவருடைய மொழியில் பேசினால் தமிழில் சொல்லும்படி என் போனை அமைத்து நடுவில் வைத்தேன். மலையில் சிக்னல் நம்ப முடியாது. மொழிபெயர்ப்பையும் வரைபடத்தையும் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டு போங்கள்.

லாலி மெதுவாகப் பேசினார். போன் உணர்ச்சியே இல்லாத குரலில் சொன்னது.

"கோடையில் நான் அந்த வளைவில் தேன் விற்கிறேன். அந்த நாள் நான் அங்கே இருந்தேன். என் அக்காவும் வாங்க வந்தவர்களும் இருந்தார்கள். மேலிருந்து ஒலிப்பான் கேட்டது. நிற்காமல் கேட்டது."

"ஒலிப்பான்னா?" என்றார் அக்கா.

"ஹாரன்க்கா."

"கார் வந்தது. சக்கரத்தில் புகை. எரிந்த நாற்றம். ஒலிப்பான் கேட்டதால் நாங்கள் மேட்டில் ஏறி ஓடினோம். கார் என் மேசையை உடைத்தது. பிறகு தடுப்பை உடைத்தது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் கை ஒலிப்பானில் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறோம்."

லாலி எழுந்து வந்து அக்காவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அக்கா அழவில்லை. விலகி, என்னைப் பார்த்தார்.

"பொக ஏன் விஜயா வந்துச்சி?"

வண்டி கெட்ட வண்டி என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஊருக்குத் திரும்பியும் அதே நம்பிக்கையோடு இருந்திருப்பார். ஆனால் அந்த மேசையில், அந்த அம்மாளின் முன்னால், என்னால் அதற்கு மேலும் மறைக்க முடியவில்லை.

"வண்டியில கோளாறு இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா எறக்கத்துல பிரேக்க மிதிச்சிக்கிட்டே வந்தா அது சூடாயிடும். பொக வரும். அப்புறம் எவ்ளோ மிதிச்சாலும் புடிக்காது. அந்தப் பொண்ணு சொல்லுச்சில்ல, மேலேர்ந்தே கால் பிரேக்குல இருந்துச்சின்னு."

"அப்ப எப்படி எறக்கணும்?"

"கியரக் கொறச்சிடணும். இன்ஜினே வண்டியப் புடிச்சிக்கும். பிரேக்க அப்பப்போ தொட்டாப் போதும்."

"அது அவளுக்குத் தெரியாதா?"

"நான் சொல்லிக் குடுக்கல."

"ஏன்?"

"நம்ம ஊர்ல எறக்கமே இல்லக்கா. மேம்பாலந்தான். மல நாட்டுக்குப் போறான்னு தெரிஞ்சும் எனக்குத் தோணல. சந்தேகம் வந்தா கால் பிரேக்குல இருக்கணும்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். நான் சொன்னதத்தான் அவ செஞ்சா."

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட வந்து சொல்லசொல்லவே."

"ஒரு வருஷம்" என்றார் அக்கா. "ஒரு வருஷமா நான் அந்தக் காருக்காரனையும் அவன் புள்ளகுட்டியையும் சபிச்சிக்கிட்டு இருக்கேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்த."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று முழுக்க மழை. நான்காம் நாளும் மழை. லாலி கொண்டுபோன சாப்பாட்டை அக்கா வாங்கிக்கொண்டார். என் குரலுக்குக் கதவு திறக்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் விலகும்போது உச்சியில் புதுப்பனி தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். கற்றுக்கொடுக்கும்போது என் காலடியில் ஒரு பிரேக் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? மாணவி தவறு செய்தால் நான் அழுத்திவிடலாம். பதினாறு வருடம் அந்த நம்பிக்கையில்தான் ஓட்டினேன். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அவர்கள் போகும் சாலையில் அந்த இரண்டாவது பிரேக் கிடையாது என்பதை அந்தக் கூடத்தில்தான் யோசித்தேன்.

மாலையில் லாலியிடம், அக்காவைக் கீழே அழைத்துப் போக வேறு டிரைவர் கிடைப்பாரா என்று போன் வழியாகக் கேட்டேன். கிடைப்பார் என்றார். கதவுக்கு வெளியே நின்று அக்காவிடம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் வானம் வெளுத்திருந்தது. நான் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா குளித்து, தலை முடிந்து, பையோடு வந்தார். பின்கதவைத் திறந்து பையைப் போட்டார். முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஓட்டு" என்றார். "எப்படி எறக்கணுமோ அப்படி எறக்கு. நான் பாக்கணும்."

லாலி ஒரு துணிப்பையோடு வந்து பின்னால் ஏறிக்கொண்டார். அந்த வளைவைக் காட்ட அவர்தான் வேண்டும்.

ஊர் எல்லையில் சாலை கவிழத் தொடங்கும் முன்பே கியரை இரண்டுக்குக் குறைத்தேன். இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு குறைப்பது தாமதம். இறக்கம் தொடங்கும் முன் குறைக்க வேண்டும். இன்ஜின் உறுமியது.

"ஏன் இப்படிக் கத்துது?"

"அதுதான் புடிச்சிக்கிட்டு இருக்குக்கா."

"இப்ப காலு எங்க இருக்கு?"

"தரையில."

அவர் குனிந்து பார்த்தார். முதல் வளைவில் பிரேக்கை ஒரு முறை தொட்டு விட்டேன். "இப்ப தொட்ட" என்றார் அக்கா. ஆமாம் என்றேன். வளைவு தாண்டியதும், "எடுத்துட்டியா?" எடுத்துவிட்டேன். பின்னால் நான்கைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. அவர்களுக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு வளைவிலும் அக்கா கேட்டார், ஒவ்வொரு வளைவிலும் நான் பதில் சொன்னேன். வேறு பேச்சே இல்லை.

லாலி என் தோளைத் தொட்டார். தடுப்பில் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிட வெள்ளையாக, புதிதாக இருந்தது. வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நடந்தோம்.

அக்கா தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஆறு நூல் மாதிரி தெரிந்தது. சரிவில் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இவ்ளோ ஆழமா" என்றார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கற்பூரத்தை ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினார். காற்று அணைத்தது. மூன்று முறை அணைந்தது. நான் என் துப்பட்டாவை விரித்து ஒரு பக்கம் மறைத்தேன், லாலி முழந்தாளிட்டு மறுபக்கம் கைகளைக் குவித்தார். நான்காம் முறை நின்று எரிந்தது. அது தீர்ந்ததும் லாலி தன் பையிலிருந்து ரொட்டியும் ஒரு சின்னப் பாட்டிலில் திராட்சை மதுவும் எடுத்தார். ரொட்டித் துண்டின்மேல் மதுவைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இறந்தவர்களுக்கு அங்கே அப்படிச் செய்வார்களாம். விட்டுக்கொண்டே அவர் ஒரு சொல் சொன்னார்: "ஹேமா." அவருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று யோசித்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு கொண்டுபோன அறையில் அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

மேலே போகும் வண்டி ஒன்றில் ஏறிக்கொள்வதாகச் சைகை காட்டிய லாலியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். அதற்குக் கீழே இன்னும் பல வளைவுகள். அக்கா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்; என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். சாலை சமமாகி ஆற்றின் பக்கத்துக்கு வந்ததும், "நிறுத்து" என்றார்.

இறங்கி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதலில் விரலை நீட்டி எடுத்தார். பிறகு சக்கரத்தின் நடு இரும்பில் உள்ளங்கையை முழுதாக வைத்தார்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு."

"ஆமாங்க்கா."

"அவ்ளோ எறக்கம் எறங்கியும் இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா."

கையை எடுக்காமலே சக்கரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். ஹேமாவின் உடல் வந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அன்று கோபம் இருந்தது. சபிக்க ஒருவன் இருந்தான். நான் தொடப் போகவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை என்று தெரியும். லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன் விஜயா. நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். எங்கிட்ட எதுவும் எதிர்பாக்காத" என்றார். காரில் ஏறிக்கொண்டார். திபிலீசிவரைக்கும், அங்கிருந்து சென்னைவரைக்கும், சென்னையிலிருந்து வைத்திக்குப்பம்வரைக்கும் தேவைக்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேட்கிறவர்களுக்காக மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். மலை இறக்கத்தில் எரிந்த நாற்றம் வந்தால் உடனே ஒதுங்கி நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஆறிய பிறகும் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியரைக் கையால் குறைக்க முடியுமா என்று எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் மலைக்குப் போகாதீர்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

இப்போது என் மாணவிகள் ஒவ்வொருவரையும் கடைசி வாரத்தில் ஒரு நாள் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போகிறேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி இறங்குகிறோம். ஒரு முழு நாள் ஆகிறது. புதுச்சேரிக்குள் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறவளுக்கு மலை எதற்கு என்று சில வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிற வீட்டுப் பெண்ணை நான் சேர்த்துக்கொள்வதில்லை. அந்த வாக்கியத்தையும் இப்போது நான் சொல்வதில்லை.

சகுந்தலாக்கா அதன் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. ஹேமாவின் திதிக்கு என்னை அழைக்கவும் இல்லை. மார்க்கெட்டில் எதிரே பார்த்தால் ஒரு கணம் நின்று, ஒதுங்கிப் போவார். நானும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஒரு காலை, மைதானத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது ஓர் இளம்பெண் வந்து நின்றாள். வைத்திக்குப்பமாம். கணவருக்கு ஊட்டியில் வேலை கிடைத்து அங்கே குடிபோகிறார்கள். அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.

"என்னைப் பத்தி யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"சகுந்தலாக்காதான். மலையில ஓட்ட எங்க கத்துக்கறதுன்னு கேட்டேன். உங்ககிட்டதான் போவணும், வேற யார்கிட்டயும் போவாதன்னு சொல்லிட்டாங்க."

அவளுக்காக ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.